நிலம் கேட்கும் கேள்வியும் மனிதன் சொல்லும் பதிலும்: ஆறு, மலை, பாலைவனம் பற்றிப் பிள்ளைகளுக்கு



கோடை விடுமுறை மக்தப் வகுப்பில் ஒருநாள் மக்கா நகரின் பழைய படம் ஒன்றைக் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். சுற்றிலும் மரம் இல்லாத பாறை மலைகள். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"ஹஸ்ரத், அங்க ஆறே இல்லையா?"

"இல்லை வாப்பா. சவூதி அரேபியா முழுவதிலும் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை" என்றோம்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப அந்தக் காலத்து ஆளுங்க ஏன் ஆறு இருக்கிற ஊருக்குக் குடிபோகல? பாவம், அந்த மணல்லயே இருந்தாங்களே!"

மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நாம் சிரிக்கவில்லை. அது சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. மனிதர்கள் ஏன் அங்கங்கே அப்படி அப்படி வாழ்கிறார்கள்? ஒருவர் அரிசி சாப்பிட, இன்னொருவர் ஏன் பேரீச்சம்பழம் சாப்பிடுகிறார்? ஒருவர் ஓட்டு வீட்டில் இருக்க, இன்னொருவர் ஏன் கூடாரத்தில் இருக்கிறார்? இதற்கெல்லாம் பெரிய காரணம் அவரவர் காலடியில் இருக்கும் நிலம்தான். அன்றைக்கு நேரம் போதவில்லை. அந்தப் பையனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எல்லாப் பிள்ளைகளுக்குமாகச் சொல்கிறோம். வாப்பா, உம்மாவும் கூட உட்கார்ந்து படித்தால் நல்லது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலமும் அங்கே வாழ வருகிற மனிதனிடம் ஒரு கேள்வி கேட்கிறது. அந்த மக்களின் வீடு, உணவு, உடை, தொழில், பழக்கவழக்கம் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதில்.

ஆறு கேட்கும் கேள்வி: வெள்ளம் வந்தால் என்ன செய்வாய்?

உலக வரைபடத்தை எடுத்து ஆப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையைப் பாருங்கள். அங்கே எகிப்து இருக்கிறது. பெரும்பகுதி மணல் நிறம். அதன் நடுவே தெற்கிலிருந்து வடக்காக ஒரு பச்சைக் கோடு போகும். அதுதான் நைல் நதி. ஏறத்தாழ 6,650 கிலோமீட்டர் நீளம். எகிப்தின் மக்கள்தொகை 10 கோடிக்கும் மேல். அதில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் இந்தப் பச்சைக் கோட்டின் மேலேயே வாழ்கிறார்கள். நாட்டின் மொத்தப் பரப்பில் அந்த இடம் 5 விழுக்காடு அளவுதான். ஒரு ரயில் பெட்டியில் 20 வரிசை இருக்கை இருந்து, எல்லோரும் ஒரே வரிசையில் நெருக்கி உட்கார்ந்திருப்பதுபோல!

காரணம், அங்கே மழை இல்லை. கெய்ரோ நகரில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையைச் சேர்த்தால் ஓர் அங்குலம் அளவுதான் இருக்கும். நம் ஊரில் ஐப்பசியில் ஒரே மாலையில் அதைவிட அதிகம் பெய்துவிடும். அப்படியானால் நைலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வெகு தூரத்தில் எத்தியோப்பியாவின் உயர்ந்த மலைகளில் கோடையில் பெய்யும் மழையிலிருந்து. அந்த மழை நீல நைல் வழியாக ஓடி, சூடான் நாட்டின் கார்ட்டூம் நகரில் வெள்ளை நைலுடன் சேர்ந்து, எகிப்துக்கு வந்து சேரும். தன் வாழ்நாளில் நல்ல மழையையே பார்க்காத ஓர் எகிப்திய விவசாயியின் வயலுக்கு, அவர் பார்த்தே இராத ஒரு மலையின் மழை வந்து பாயும்.

முன்பெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் நைலில் வெள்ளம் வரும். வயல்களை மூழ்கடித்துச் சில வாரம் நிற்கும். வடியும்போது கரிய வண்டல் மண்ணை விட்டுச் செல்லும். அந்த வண்டல்தான் உரம். பழைய எகிப்தியர் தங்கள் நாட்டுக்கே 'கறுப்பு மண்' என்று பொருள்படும் பெயரை வைத்திருந்தார்கள். ஆண்டையும் மூன்று பருவமாகத்தான் பிரித்தார்கள்: வெள்ளக் காலம், விதைப்புக் காலம், அறுவடைக் காலம். அவர்களுடைய நாட்காட்டியையே நதிதான் எழுதியது.

வெள்ளம் வடிந்ததும் ஒரு சிக்கல் வரும். வரப்புகள் எல்லாம் அழிந்துபோயிருக்கும். எது யார் வயல்? சண்டை வராமல் இருக்க, முடிச்சுப் போட்ட கயிறுகளைக் கொண்டு நிலத்தை மறுபடி அளந்தார்கள். நீங்கள் பள்ளியில் படிக்கும் முக்கோணம், செவ்வகம், பரப்பளவுக் கணக்கெல்லாம் வளர்வதற்கு இப்படிப்பட்ட தேவைகளும் ஒரு காரணம்.

பிற்காலத்தில் முஸ்லிம்கள் எகிப்தை ஆண்டபோது, கெய்ரோவில் நைலின் நடுவே உள்ள ரவ்தா தீவில் நதியின் உயரத்தை அளக்க ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆழமான ஒரு கிணறு. நடுவில் முழக் கணக்குக் குறிக்கப்பட்ட ஒரு கல் தூண். நதி ஏறினால் கிணற்று நீரும் ஏறும். கி.பி. 861இல், அப்பாசிய கலீஃபா முதவக்கில் காலத்தில் கட்டப்பட்ட அந்த அளவுக்கிணறு இன்றும் இருக்கிறது. தண்ணீர் சுமார் 16 முழம் ஏறினால் நல்ல விளைச்சல் என்று மக்கள் மகிழ்வார்கள். மிகவும் குறைந்தால் பஞ்சம். மிகவும் கூடினால் ஊர் மூழ்கும். விவசாயிகள் கட்ட வேண்டிய வரியும் அந்த அளவைப் பார்த்தே முடிவானது. விளைச்சல் இல்லாதவனிடம் வரி கேட்கக் கூடாது அல்லவா?

நைலின் இன்னொரு விந்தை: தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. வடக்கே போக வேண்டுமா? படகை ஓட்டத்தில் விட்டால் போதும். தெற்கே போக வேண்டுமா? பாயை விரித்தால் போதும். அதனால் நதி அவர்களுக்கு வயலும் ஆயிற்று, பெரிய சாலையும் ஆயிற்று. அந்த நீண்ட நாடு முழுவதும் ஒரே அரசாக, பெரும்பாலும் ஒரே மொழியாக இருக்க அந்தச் சாலையும் ஒரு காரணம்.

1970இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளம் நின்றது, மின்சாரம் வந்தது, ஆண்டு முழுக்கப் பாசனம் கிடைத்தது. ஆனால் வண்டலும் அணைக்குப் பின்னால் நின்றுவிட்டது. இப்போது விவசாயிகள் உரத்தை விலைக்கு வாங்குகிறார்கள். வண்டல் வந்து சேராததால் கடலோரத்தில் நிலம் அரிக்கப்படுகிறது. அணையின் நீர்த்தேக்கத்துக்காக நூபியா மக்கள் தங்கள் சொந்த ஊர்களை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. நதியிடம் ஒன்றைப் பெற்றால், இன்னொன்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மலை கேட்கும் கேள்வி: பிரிந்து கிடப்பாயா, சேர்ந்து நிற்பாயா?

இனி நமக்குப் பக்கத்திலேயே உள்ள ஒரு மலையைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை. குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மதில்போல நிற்கிறது. ஜூன் மாதம் அரபிக் கடலிலிருந்து ஈரக் காற்று வந்து இந்த மதிலில் மோதும். மேலே ஏறும்போது காற்று குளிரும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தையும் சுமக்க முடியாது. அந்தப் பக்கத்திலேயே மழையாகக் கொட்டிவிடும். கேரளம் நனைகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் வரும் காற்றில் ஈரம் குறைவு. அதனால்தான் ஜூன், ஜூலையில் கேரளத்தில் குடை பிடிக்கும்போது, நாம் விசிறியைத் தேடுகிறோம். இப்படி மலைக்குப் பின்னால் மழை கிடைக்காமல் இருக்கும் இடத்தை மழை மறைவுப் பகுதி என்பார்கள். குற்றாலத்தில் அந்த மாதங்களில் சாரல் அடிப்பது, மலையைத் தாண்டி வரும் அந்தக் கொஞ்சம் ஈரத்தால்தான்.

மதிலில் சில வாசல்களும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் ஒன்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் இன்னொன்று. வாசல் வழியே காற்று வேகமாகப் புகும். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் முப்பந்தலில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் சுழல்வதைப் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். மலையில் உள்ள ஓர் இடைவெளி, இன்று நம் வீட்டு விளக்குக்கு மின்சாரம் தருகிறது.

மழை மறைவில் இருந்தவர்களின் வறட்சிக்கு ஒரு பதிலாக வந்ததுதான் 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணை. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கும் அதிகமான நீளத்துக்குச் சுரங்கம் வெட்டி, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயரைத் தேனிப் பக்கத்துக் குடும்பங்கள் இன்றும் தங்கள் பிள்ளைகளுக்கு வைக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களைப் பார்த்தால் காரணம் புரியும்.

சரி, மலையின் மேலேயே வாழ்பவர்கள்? யமன் நாட்டு மலைகளைப் பாருங்கள். சரிவான இடத்தில் மழை பெய்தால் மண் கீழே ஓடிவிடும். அதனால் அம்மக்கள் மலைச்சரிவில் கல் சுவர் எழுப்பி, படிப்படியாக வயல் அமைத்தார்கள். மேல் படியில் நிரம்பிய நீர் அடுத்த படிக்கு இறங்கும். அங்கிருந்து அடுத்ததற்கு. மேலே உள்ளவர் தன் சுவரைக் கவனிக்காமல் விட்டால், அது இடிந்து கீழே உள்ள எல்லோருடைய வயலையும் கொண்டுபோய்விடும். ஆகவே மலையில் சுவர் என்பது என் வீட்டுக் காரியம் மட்டுமல்ல, என் கீழ் வீட்டுக்காரரின் சோறும்கூட.

அந்தப் படிகளில் விளைந்ததுதான் காப்பி. மோக்கா என்ற துறைமுகத்திலிருந்து கப்பலேறியதால் அந்த ஊரின் பெயரே ஒரு வகைக் காப்பிக்குப் பெயராயிற்று. 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற இறைநேசர் ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பும்போது யமனிலிருந்து சில காப்பிக் கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்று சொல்லப்படுகிறது. அந்த மலை இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அது எந்தத் தொடரில் இருக்கிறது தெரியுமா? நாம் இப்போது பேசிய அதே மேற்குத் தொடர்ச்சியில்தான். ஒரு மலையின் பயிர் இன்னொரு மலையில் வேர் பிடித்தது, அதே குளிரும் அதே சரிவும் அங்கேயும் இருந்ததால்.

மலை இன்னொரு காரியமும் செய்யும். மனிதர்களைப் பிரித்து வைக்கும். காகசஸ் மலைகளில் தாகெஸ்தான் என்றொரு பகுதி ரஷ்யாவில் இருக்கிறது. 'மலை நாடு' என்றே அதற்குப் பொருள். மக்கள் ஏறக்குறைய 30 லட்சம். பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆனால் பேசப்படும் மொழிகள் 30க்கும் மேல்! ஒரு மலையின் இந்தப் பக்கம் ஒரு மொழி, அந்தப் பக்கம் வேறு மொழி. பனி விழுந்தால் மாதக்கணக்கில் போக்குவரத்து இல்லாத அந்தக் காலத்தில் ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தன் பேச்சைத் தனியாக வளர்த்துக்கொண்டது. அரபுப் புவியியல் அறிஞர்கள் காகசஸை 'மொழிகளின் மலை' என்றே அழைத்தார்கள். நைலின் கரையில் பல கோடிப் பேர் ஒரு மொழி பேச, இங்கே ஒரு மலையைத் தாண்டினால் சலாம் தவிர மற்றது புரியாது. ஆற்றுக்கும் மலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள்.

சமையலறைக்குள்ளும் மலை நுழையும். லடாக்கின் லே நகரம் கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 100 பாகை வெப்பத்துக்குப் பதிலாக, ஏறத்தாழ 88 பாகையிலேயே கொதித்துவிடும். கொதித்தாலும் சூடு போதாது, அதனால் அரிசி வேக நெடுநேரம் ஆகும். நம் வீட்டுப் பானையில் சோறு வடிப்பதுபோல அங்கே வடிக்க முயன்றால், உம்மா அடுப்படியிலேயே நிற்க வேண்டியதுதான்!

பாலைவனம் கேட்கும் கேள்வி: இருக்கும் சொட்டை எப்படிப் பங்கிடுவாய்?

பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும்தான் நினைவுக்கு வரும். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் இடத்தையே பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள். அந்தக் கணக்கில் உலகின் மிகப் பெரிய பாலைவனம் பனி மூடிய அண்டார்டிகாதான். சஹாராவில்கூட மணல் இருப்பது ஏறக்குறைய கால் பங்கு இடத்தில்தான். மற்றதெல்லாம் பாறையும் சரளைக் கல்லும்.

இங்கே வாழ உடம்புக்கு வழி வேண்டும். ஒட்டகத்துக்கு அது பிறப்பிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. மூக்குத் துவாரத்தை மூடிக்கொள்ளும். கண்ணிமையில் இரட்டை வரிசை முடி. தாகம் எடுத்தால் கால் மணி நேரத்தில் 100 லிட்டர்வரை குடித்துவிடும். மனிதனுக்கு இவை எதுவும் இல்லை. அவனுக்குக் கொடுக்கப்பட்டது அறிவு. தளர்வான நீள உடை உடுத்தினான், வெயிலும் மணலும் தோலில் படாமல் இருக்க. தலையைத் துணியால் சுற்றினான். மண்ணால் தடித்த சுவர் வைத்தான், பகல் சூடு உள்ளே வர மாலையாகும்வரை. தெருவைக் குறுக்கினான், ஒரு வீட்டின் நிழல் எதிர் வீட்டில் விழ. ஈரானின் யஸ்த் நகரில் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் கோபுரங்களையே கட்டினார்கள்.

வழி தெரிய அங்கே மரமும் இல்லை, கல் நட்ட சாலையும் இல்லை. இரவில் நட்சத்திரம் மட்டுமே. அதனால் அரபு மக்கள் வானத்தை நன்றாகப் படித்தார்கள். இன்று விஞ்ஞானிகள் சொல்லும் அல்டெபரான், ஆல்டேர், வேகா, ரைஜல் எல்லாம் அரபியிலிருந்து வந்த பெயர்கள். அல்டெபரான் என்றால் 'பின்தொடர்வது'. ஆல்டேர் என்றால் 'பறப்பது'.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். மக்காவில் பயிர் இல்லை. ஆனால் ஸம்ஸம் கிணறு இருந்தது. இறையில்லம் இருந்தது. தெற்கே யமனுக்கும் வடக்கே சிரியாவுக்கும் போகும் வழி இருந்தது. குறைஷியர் குளிர்காலத்தில் யமனுக்கும், கோடையில் சிரியாவுக்கும் வணிகக் கூட்டமாகப் போனார்கள். எந்தப் பருவத்தில் எந்தத் திசை இதமாக இருக்குமோ அந்தத் திசை! விளைவிக்க முடியாத ஊர் வாங்கி விற்கக் கற்றுக்கொண்டது. 100 கிலோமீட்டருக்குள் தாயிஃப் இருக்கிறது. மலை மேல் இருப்பதால் அங்கே குளிர்ச்சி, திராட்சை, மாதுளை, ரோஜா. பள்ளத்தாக்கும் மலையும் ஒன்றுக்கொன்று தேவைப்பட்டன.

மழையே இல்லாத ஊர் என்றும் எண்ணிவிடாதீர்கள். எப்போதாவது பெய்தால், சுற்றியுள்ள பாறை மலைகள் நீரை உறிஞ்சாமல் அப்படியே பள்ளத்தாக்கில் இறக்கிவிடும். 1941இல் அப்படி வெள்ளம் வந்து, கஅபாவைச் சுற்றி நீர் நின்றது. ஓர் இளைஞர் நீந்தியபடியே வலம் வரும் புகைப்படம் இன்றும் இருக்கிறது.

பாலைவனம் கற்றுத் தந்த இரண்டு நல்ல பழக்கங்களைச் சொல்கிறோம். முதலாவது விருந்தோம்பல். பாலையில் கதவைத் தட்டியவரைத் திருப்பி அனுப்பினால், அடுத்த கதவு இரண்டு நாள் தொலைவில் இருக்கலாம். அவர் இறந்துவிடுவார். இன்று அவர் உன் வாசலில் நிற்கிறார், நாளை நீ அவர் வாசலில் நிற்பாய். மூன்று நாள் விருந்து என்ற முறையை இஸ்லாமும் போற்றி நிலைப்படுத்தியது.

இரண்டாவது பங்கீடு. ஓமான் நாட்டில் 'ஃபலஜ்' என்ற வாய்க்கால்கள் உண்டு. மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் இருக்கும் இடத்தில் கிணறு வெட்டி, அங்கிருந்து பூமிக்கடியில் மெல்லிய சரிவில் பல கிலோமீட்டருக்குக் கால்வாய் தோண்டி, ஊருக்குள் கொண்டுவருவார்கள். இயந்திரம் இல்லை, நீர் தானாகவே ஓடி வரும். 3,000க்கும் மேற்பட்ட ஃபலஜ்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. நீர் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் குடிக்க. பிறகு பள்ளிவாசலுக்கும் குளிக்கவும். அதன் பின்னரே பேரீச்சந் தோட்டங்களுக்கு. தோட்டக்காரர்களுக்கு நீரை நேரக் கணக்கில் பங்கிடுவார்கள். பகலில் நட்ட கம்பின் நிழலையும், இரவில் நட்சத்திரங்களையும் பார்த்து முறை வைத்தார்கள். எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் முறை வந்தால்தான் மடை திறக்கும்.

பதில் தவறினால் என்ன ஆகும்?

மனிதன் எப்போதும் சரியான பதிலே சொல்வான் என்று இல்லை. 1980களில் சவூதி அரேபியா பாலைவனத்தில் கோதுமை விளைவிக்கத் தொடங்கியது. ஆழத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த நிலத்தடி நீரை இறைத்தார்கள். விமானத்திலிருந்து பார்த்தால் மணலில் பச்சை வட்டங்களாகத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் வெளிநாடுகளுக்கே கோதுமை அனுப்பினார்கள். ஆனால் அந்த நீர் மழையால் மறுபடி நிரம்புகிற நீர் அல்ல. உண்டியலில் இருந்த பழைய சேமிப்பு அது. தீர்ந்துகொண்டே போனது. 2008இல் அரசே படிப்படியாக நிறுத்த முடிவு செய்து, 2016க்குள் உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலை முடித்துக்கொண்டது.

14ஆம் நூற்றாண்டில் துனிஸில் பிறந்த அறிஞர் இப்னு கல்தூன், 1377இல் எழுதிய 'முகத்திமா' என்ற நூலில், தட்பவெப்பமும் வாழும் இடமும் மனிதர்களின் பழக்கத்தை எப்படி உருவாக்குகின்றன என்று விரிவாக ஆராய்ந்தார். அவர் சொன்னவற்றில் சிலவற்றை இன்றைய அறிஞர்கள் ஏற்பதில்லை. நிலம் மட்டுமே மனிதனை முடிவு செய்வதில்லை என்பதே அவர்கள் கருத்து. நாமும் அதைத்தான் சொல்கிறோம். ஒரே பாலைவனத்தில்தான் ஒருவர் ஃபலஜ் அமைத்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார். இன்னொருவர் ஒரு தலைமுறைக்குள் நீரைத் தீர்த்தார். கேள்வி ஒன்று, பதில் இரண்டு. ஆகவே பாலையில் இருப்பவரைப் பார்த்து 'பாவம்' என்றும், மலையில் இருப்பவரைப் பார்த்து 'நாகரிகம் தெரியாதவர்' என்றும் சொல்லக் கூடாது. நம்மிடம் கேட்கப்படாத கடினமான கேள்விக்கு அவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

நம் வாசலிலேயே மூன்றும்

நெல்லை, தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு இந்த மூன்றையும் பார்க்க விமானம் வேண்டாம். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் அதற்குக் கிடைப்பதால் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு என்று பெயர் பெற்றது. அம்பாசமுத்திரத்து நெல்லும், ஆத்தூர் வெற்றிலையும் அதன் கொடை. அந்த ஆறு சுமந்து வந்த வண்டல் கடலோரத்தையே தள்ளிவிட்டது. ஒரு காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகமான கொற்கை, இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே இருக்கிறது. துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. அரேபியக் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்ததை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்.

அதே மாவட்டத்தில் திருச்செந்தூர்ப் பக்கம் போனால் செக்கச் சிவந்த தேரி மணல். காற்று அடித்தால் இடம் மாறும் மணல்மேடுகள். நெல் விளையாது என்று அந்த மக்கள் உட்கார்ந்துவிடவில்லை. பனையை நம்பினார்கள். உடன்குடிக் கருப்பட்டி அந்தச் சிவப்பு மணலின் பதில்.

பழந்தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தொழிலும் தனி உணவும் சொன்னார்கள். அதில் பாலையைப் பற்றிய அவர்கள் எண்ணம் கவனிக்கத்தக்கது. மலையும் காடும் தம் ஈரத்தை இழந்தால், அதுவே பாலையாகும் என்று கருதினார்கள். பாலை என்பது எங்கோ தூரத்தில் இல்லை. தண்ணீரைக் காக்கத் தவறினால் அது நம் ஊருக்கே வரும்.

தாமிரபரணியில் மேலே ஒருவர் கழிவை விட்டால், அது கீழே உள்ள ஊரின் குடிநீர்த் தொட்டிக்குப் போகிறது. யமன் மலைப் படிகளில் மேல் வயல்காரருக்கு இருந்த அதே பொறுப்பு, ஆற்றங்கரையில் இருக்கும் நமக்கும் உண்டு. ஆனால் குழாயைத் திறந்ததும் தண்ணீர் வருவதால், ஆறு நம்மிடம் கேள்வி கேட்பதையே நாம் மறந்துவிட்டோம்.

பிள்ளைகளே, இந்த விடுமுறையில் மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று: உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த மலையிலிருந்து வருகிறது என்று வாப்பாவுடன் சேர்ந்து வரைபடத்தில் கண்டுபிடியுங்கள்.

இரண்டு: உம்மம்மாவிடம் கேளுங்கள். அவர்கள் சிறுமியாக இருந்தபோது தண்ணீர் எங்கிருந்து எடுத்தார்கள்? அந்தக் கிணறோ குளமோ இப்போது எப்படி இருக்கிறது? போய்ப் பார்த்து வாருங்கள்.

மூன்று: பாலை நிலத்தில் வாழ்ந்த நம் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளூச் செய்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் வந்திருக்கிறது. இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் எவ்வளவோ, அதுதான் ஒரு முத்து. இன்றைய கணக்கில் ஒரு லிட்டரைவிடக் குறைவு. ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டர் தண்ணீர் எடுத்து, அதற்குள் முழுமையாக ஒளூச் செய்ய முடிகிறதா என்று முயன்று பாருங்கள். பிறகு குழாயைத் திறந்துவிட்டுச் செய்யும்போது, கீழே ஒரு வாளி வைத்து எவ்வளவு சேர்கிறது என்றும் பாருங்கள்.

நம் மக்தபில் இதைச் செய்தோம். முதலில் அந்த மூன்றாம் வகுப்புப் பையன்தான் வந்தான். கால் கழுவும்வரை வந்து, கடைசிக் காலுக்குத் தண்ணீர் போதவில்லை. மறுநாள் மறுபடி முயன்றான். இரண்டு காலும் கழுவி, பாட்டிலில் இரண்டு விரல் அளவு மிச்சமும் இருந்தது. அதை என்ன செய்வது என்று நம்மைப் பார்த்தான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவனே வாசலில் இருந்த வேப்பங்கன்றின் அடியில் ஊற்றிவிட்டு வந்தான்.

"ஹஸ்ரத், அவங்க பாவம் இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான்.